பின் சீட்டில் காற்று நன்றாக வருகிறது

பிரேக்கை மிதித்தார். பிரேக் அங்கே இல்லை.

பெடல் இருந்தது. பெடலைக் குறை சொல்ல முடியாது. மிதித்ததும் ஒரு மறுப்பும் காட்டாமல், பஞ்சு மெத்தையில் கால் வைத்த மாதிரி மெதுவாகத் தரை வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. கார் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிரே ரேஸ் டிராக்கின் கடைசி வளைவு வந்தது. வளைவு வலது பக்கம் திரும்பியது. கார் திரும்பவில்லை.

இந்த மாதிரி ஆட்களுக்காகவே வளைவுக்கு வெளியே மணலைக் கொட்டி வைத்திருப்பார்கள். சிவப்பு நிறமும் இரண்டு கதவுகளும் தரையோடு தரையாகத் தவழும் உயரமும் கொண்ட அந்தக் கார் மணலுக்குள் கம்பீரமாக நுழைந்தது. பிறகு கம்பீரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வயிறு வரைக்கும் புதைந்து, டயர்களை அடுக்கிக் கட்டிய சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. புழுதி எழுந்து, யோசித்து, அடங்கியது.

பக்கத்து சீட்டில் அவர் மனைவி இரவல் ஹெல்மெட்டோடு, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த டயர்களைப் பார்த்துக் கேட்டார்:

“வந்தாச்சா?”

பதில் சொல்ல ஆள் இல்லை. அவர் ஏற்கெனவே இறங்கியிருந்தார். முன் பம்பருக்கு எதிரே மண்டியிட்டுப் பார்த்தார். விளக்கைத் தடவினார். மணலில் குப்புறப் படுத்து வண்டியின் வயிற்றைப் பார்த்தார். கிரில்லில் சிக்கியிருந்த ஒரு கூழாங்கல்லை நகத்தால் நோண்டி எடுத்தார். பின்பக்கம் போய், அந்தப் பக்கம் சுற்றி, இடது கதவின் மேல் முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பளபளப்பைச் சோதித்தார். “நல்லவேளை, ஒரு கீறல் இல்ல!” என்று உலகத்துக்குப் பொதுவாக அறிவித்தார். பிறகு இன்னொரு முறை பம்பருக்குப் போனார், முதல் தடவை சரியாகப் பார்த்தோமா என்ற சந்தேகத்தில்.

நிமிர்ந்தபோது மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மணலில் நடந்து, கொடி காட்டும் ஆளின் கூண்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

“நீ ஓகேதானே?” என்று கத்தினார்.

மனைவி திரும்பாமல் கையை உயர்த்தினார். ஓகே என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரு டிராக்டர் வந்து காரை இழுத்துப் போட்டது. மற்ற வண்டிக்காரர்கள் வேலியோரம் வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் கார் கிளப்பில் அவருக்கு ‘மணல்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. “மணல் வந்துட்டாரா?” “மணலுக்கு ஒரு காபி.” இதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை. அதற்கு முன்னால் கிளப்பில் அவருக்குப் பெயரே இருந்ததில்லை.

வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. மணல் என்று பட்டம் வாங்கிய இந்த மனிதர் வேலையில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் உள்ள அடுக்குமாடிகள், ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள் எதிலும் இவர் வந்து ஏறி, இறங்கி, மேலே மோட்டார் அறையில் போய் மூக்கை நுழைத்து, ‘பிரேக் பிடிக்கிறது’ என்று கையெழுத்துப் போட்டால்தான் லிஃப்ட் ஓடும். ஊரே இவர் சான்று கொடுத்த பிரேக்கை நம்பி மேலும் கீழும் போய்வருகிறது. இவர் பிரேக் மட்டும் மணலில் போய் நின்றது.

அவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. லிஃப்டின் பிரேக்கில் திரவம் எதுவும் கிடையாது, ஸ்பிரிங்தான். லிஃப்ட் நிற்பதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கரண்ட் போனால் ஸ்பிரிங் தானாகக் கவ்விக்கொள்ளும். ஓடுவதற்குத்தான் பிரயாசை. காரில் எல்லாம் தலைகீழ். ஓடுவது அதன் சுபாவம். நிற்பதற்கு ஒரு சின்ன டப்பாவில் இருக்கிற கொஞ்சம் எண்ணெயை நம்ப வேண்டும். அந்த டப்பாவைத்தான் அவர் காரை வாங்கிய நாளிலிருந்து திறந்து பார்க்கவில்லை. கிளப்காரர்கள் ரேஸ் டிராக்கில் வண்டி ஓட்டிப் பார்க்கிற டிராக் டேக்கு முந்தின வாரம் முழுக்க அவர் காருக்கு மெழுகு தடவினார். சக்கரக் கம்பிகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தார். இருக்கைத் தையலில் தூசி இருந்தால் ஊசியால் எடுத்தார். கார் அவ்வளவு சுத்தமாக மணலுக்குள் போனது.

“பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிட்டே இருக்கும் சார்,” என்றார் மெக்கானிக், காரைத் தன் ஒர்க்ஷாப்பில் தூக்கிவைத்து அடியில் பார்த்துவிட்டு. “பழசாச்சுன்னா பாதி தண்ணி. டிராக்ல சூடு ஏறினா அந்தத் தண்ணி கொதிச்சு நீராவி ஆயிடும். ஆறினா திரும்பவும் தெருவுக்குத் தாங்கும், ஆனா அன்னிக்கு நீங்க மிதிச்சது பிரேக்கை இல்ல, நீராவியை.”

“அப்ப எந்த ஆயில் ஊத்தணும்?”

“அது இருக்கட்டும்,” என்றார் மெக்கானிக். “டயர்ல காத்து எவ்வளவு வச்சிருந்தீங்க?”

நல்ல மெக்கானிக்தான். ஆனால் எந்தக் கேள்வியையும் ‘அது இருக்கட்டும்’ என்று ஓரமாக நிறுத்திவிட்டு வேறு கேள்வியில் ஏறிப் போய்விடுவார். ஊரில் அவரை இருக்கட்டும் என்றே கூப்பிட்டார்கள்.

உண்மையான தொல்லை திங்கட்கிழமை காலையில் தொடங்கியது.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். தினமும் அவர்தான் மனைவியைக் கடையில் இறக்கிவிட்டுத் தன் ஆபீசுக்குப் போவார். அன்று காலை அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து காத்திருக்க, மனைவி இடது கதவைத் திறந்து, முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, பாதியில் திரும்பி, மறு காலை இழுத்து, பின் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

அந்தக் காரின் பின் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது உட்காருவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இந்தக் காரில் நாலு பேர் போகலாம் என்று காகிதத்தில் எழுதிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொடும். ஒரு தர்பூசணி வைக்கலாம். சின்னதாகப் பார்த்து.

“என்ன, அங்க போய்?”

“இங்க காத்து நல்லா வருது.”

பின் ஜன்னல் திறக்கவே திறக்காது. அது ஜன்னல்கூட இல்லை, ஒட்டவைத்த கண்ணாடி. அவர் அதைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டு, வண்டியை எடுத்தார்.

மறுநாள் காரணம் வெயில். வானம் அன்று மூடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் கைப்பைக்கு இடம் வேண்டுமாம். கைப்பையை மனைவியே முன் சீட்டில் வைத்தார், பெல்ட்கூடப் போட்டுவிட்டார். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் பார்த்தார்கள்: சீறிப் பாய்வதற்கென்றே பிறந்த ஒரு சிவப்புக் கார், முன்னால் ஒரு மனிதர், அவர் பக்கத்தில் பெல்ட் போட்ட ஒரு கைப்பை, பின்னால் மடக்கிவைத்த குடைபோல ஒரு பெண்மணி. கண்ணாடிக் கடையின் காவலாளி ஒரு நாள் ஜன்னலருகே குனிந்து, “அண்ணே, ஏர்போர்ட் போக எவ்வளவு வாங்குவீங்க?” என்று விசாரித்தார்.

மனைவி கோபமாக இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. சிரித்தார், பேசினார், கடையில் வந்த ஆட்களைப் பற்றிக் கதை சொன்னார். எல்லாம் பின்னாலிருந்து. அவர் கண்ணாடியில் பார்த்துப் பதில் சொன்னார். கண்ணாடியில் மனைவியின் நெற்றியும் ஒரு முழங்காலும் மட்டும் தெரிந்தன.

அவர் யோசித்தார். ஒரு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் யோசிப்பதுபோல் யோசித்தார். லிஃப்ட் ஒரு தடவை நடுவில் நின்றால் அந்தக் கட்டடத்து ஆட்கள் கொஞ்ச நாள் மாடிப்படியில்தான் போவார்கள். வாயால் எவ்வளவு சொன்னாலும் ஏற மாட்டார்கள். பிரேக்கைப் பிரித்து, சுத்தமாகச் சரிசெய்து, புதுச் சான்றிதழை லிஃப்டுக்குள் கண்ணில் படும்படி ஒட்டினால் ஒரு கிழவர் முதலில் ஏறுவார், அப்புறம் எல்லோரும் ஏறுவார்கள். மனைவிக்குப் பிரேக் மேல் நம்பிக்கை போய்விட்டது. பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதில் ஒரே ஒரு படி தவறு என்று அவருக்கு அப்போது தெரியாது.

அடுத்த டிராக் டே அறிவிப்பு வந்ததும் கேட்டுவிட்டார்.

“இந்தத் தடவை பக்கத்துல வந்து உக்காருவியா?”

“பார்க்கலாம்,” என்று பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். ‘மாட்டேன்’ என்றால் வாதாடலாம். ‘பார்க்கலாம்’ என்பது சுவர்.

ஆகவே உலகத்தின் மிகச் சிறந்த பிரேக் ஆயிலைத் தேடி அவர் புறப்பட்டார்.

முதலில் மச்சினன். மனைவியின் தம்பி. அதே மாடல் காரை நீல நிறத்தில் வைத்திருக்கிறான். கார் கிளப்பில் அவன் பேசத் தொடங்கினால் மெக்கானிக்கூட வாயை மூடிக்கொள்வார், இருக்கட்டும் என்று. டிராக் டே ஒன்றுவிடாமல் வருவான். காரை நிழலில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் ஓட்டுவதில் உள்ள பிழைகளைச் சொல்வான். அவன் கார் டிராக்குக்குள் இதுவரை போனதில்லை. எப்போதும் ஏதாவது ஒரு பாகம் வரவேண்டியிருக்கும்.

“ஆயில்னு சொல்லாதீங்க அத்தான். ஃப்ளூயிட்.”

“சரி மாப்ளே, ஃப்ளூயிட். எது ஊத்தலாம்?”

“முன்னூத்தி இருபது டிகிரி.”

“என்ன முன்னூத்தி இருபது?”

“கொதிநிலை அத்தான். ரேஸ்ல ஊத்தறது. ஆனா அது ஈரத்தை ரொம்ப வேகமாக் குடிக்கும். ஒவ்வொரு தடவை டிராக் போயிட்டு வந்ததும் மாத்தணும். தெருவுல ஓட்டறதுக்குச் சரியா வராது.”

“அப்ப சாதாரணமானது ஊத்தவா?”

“ஐயோ, டிராக்குல அது தாங்காது.”

“அப்ப நான் என்னதான் ஊத்தறது?”

“அது நீங்க எப்படி ஓட்டறீங்கங்கறதைப் பொறுத்தது,” என்றான் மச்சினன். “நீங்க ஓட்டறதைப் பார்த்தா மணல்தான் வேணும்.”

உதிரிபாகக் கடைக்காரர் அலமாரி முழுக்கத் தர எண் போட்ட புட்டிகள் வைத்திருந்தார். டாட் மூன்று, டாட் நான்கு, டாட் ஐந்து, ஐந்து புள்ளி ஒன்று. ஒவ்வொன்றிலும் நாலைந்து ரகம். எது நல்லது என்று கேட்டதற்கு, “எல்லாமே நல்லதுதான் சார். நல்லது இல்லாததை நான் ஏன் வைக்கப்போறேன்?” என்றார். இதற்கு மறுப்புச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. வண்டியைப் பொறுத்தது, சூட்டைப் பொறுத்தது, வானிலையைப் பொறுத்தது, கடைசியில் கடை மூடும் நேரத்தையும் பொறுத்தது. அவர் மூன்று புட்டி வாங்கிக்கொண்டு வந்தார். சாதாரண டாட் நான்கு ஒன்று. மச்சினன் சொன்ன ரேஸ் ரகம் ஒன்று. நான்கைவிட ஐந்து பெரியது என்ற காரணத்துக்காக டாட் ஐந்து ஒன்று.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி வர நேரமிருந்தது. அவர் சாப்பாட்டு மேஜையில் மூன்று கண்ணாடித் தம்ளர்களை வைத்து, மூன்று புட்டிகளையும் திறந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றினார்; தம்ளருக்கு வெளியேயும் கொஞ்சம் வழிந்தது. ஒன்று வெளிறிய மஞ்சள். இன்னொன்றும் வெளிறிய மஞ்சள். மூன்றாவது ஊதா. முகர்ந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பல வருடங்களாக மோட்டார் அறைகளில் எண்ணெயை முகர்ந்தே கோளாறு கண்டுபிடித்தவர் அவர். இவை எதுவும் அவரிடம் மனம்விட்டுப் பேசவில்லை.

அந்த நேரத்தில் மனைவி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, மேஜையைப் பார்த்தார்.

“இதுல எது உங்களுது, எது எனக்கு?”

“பிரேக் ஆயில்மா. எது நல்லதுன்னு பாக்கறேன்.”

மனைவி தம்ளர்களின் முன்னால் வந்து நின்றார். வேலை செய்கிற குரல் தானாக வந்துவிட்டது. முதலிரண்டையும் சுட்டிக் காட்டி, “இது நல்லா தெரியுதா, இல்ல இது நல்லா தெரியுதா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு.”

“இப்ப? இது... இது.”

“ஒண்ணாத்தான் தெரியுது.”

“எங்க கடையில ரெண்டும் ஒண்ணா தெரியுதுன்னு சொன்னா, அங்க நிறுத்திடுவோம்,” என்றார் மனைவி. “அதுக்கு மேல லென்ஸ் மாத்திக்கிட்டே இருந்தா, வந்தவருக்குத் தலைவலிதான் மிச்சம்.” சொல்லிவிட்டு ஒரு தம்ளரைத் தூக்கினார். மேஜையில் அது இருந்த இடத்தில் வார்னிஷ் இல்லை. வட்டமாக, சுத்தமாக, மரம் தெரிந்தது. இன்னொன்றைத் தூக்கினார். இன்னொரு வட்டம்.

இருவரும் கொஞ்ச நேரம் வட்டங்களைப் பார்த்தார்கள்.

“பெயிண்ட்டை உரிக்குமாம்,” என்றார் அவர் மெல்லிய குரலில். “புட்டியில போட்டிருக்கு. உடனே தண்ணி ஊத்தி அலசிடணுமாம்.”

“இப்ப படிச்சீங்களாக்கும்.”

மூன்று தம்ளர்களும் குப்பைக்குப் போயின. மேஜையில் வட்டங்கள் நின்றன. சாப்பிடும்போது தட்டை எங்கே வைப்பது என்ற குழப்பம் அன்றோடு தீர்ந்தது. மச்சினன் போனில் வந்து கத்தினான். “மூணையும் திறந்துட்டீங்களா? திறந்ததுமே காத்துல ஈரத்தைக் குடிக்க ஆரம்பிச்சிருக்குமே! அதிலும் அந்த அஞ்சை ஊத்தினீங்கன்னா பிரேக் சிஸ்டமே போச்சு. அஞ்சு வேற குடும்பம் அத்தான், நாலோட சேராது. அஞ்சு புள்ளி ஒண்ணுதான் நாலுக்குப் பங்காளி.”

“அப்ப மாப்ளே, அந்தப் பங்காளியை...”

“அது வண்டியைப் பொறுத்தது,” என்றான் மச்சினன்.

கடைசியில் அவர் முடிவெடுத்த விதம் இதுதான்: மெக்கானிக்கிடம் போய், “தெருவுலயும் ஓட்டணும், டிராக்லயும் ஓட்டணும், நாலுல நல்ல ரகமா, மூடி திறக்காத சின்னச் சின்னப் புட்டியா வாங்கி, ஊத்தறதுக்கு முன்னாடி மட்டும் திறந்தா என்ன?” என்று கேட்டார். மெக்கானிக், “அது இருக்கட்டும்,” என்றார். ஆனால் சொல்லும்போது தலையை ஆட்டினார். அந்த மெக்கானிக்கிடம் அவருக்குக் கிடைத்த மிகத் தெளிவான ஆலோசனை அதுதான்.

பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பி, குழாய்களில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தருகே உட்கார்ந்து சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். வெளியே இருப்பவர் திருகை மூடும் முன்னால் உள்ளே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் வெளிக்காற்று உள்ளே போய், செய்த வேலையெல்லாம் வீண். மெக்கானிக் செய்து தருவதாகத்தான் சொன்னார். ஆனால் இந்தப் பிரேக் தன் கையாலேயே சரியாக வேண்டும் என்று அவருக்கு ஒரு வீம்பு. பெடல் மிதிக்க மச்சினன் வருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வீட்டு ஷெட்டில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, நான்கு சக்கரங்களையும் கழற்றி அடுக்கிவிட்டு அவர் காத்திருந்தபோது மச்சினனின் போன் வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

“எப்படிப் பிடிச்சுது?”

“அது எப்படிப் படுத்தேங்கறதைப் பொறுத்தது அத்தான்.”

அவர் வாசற்படியில் கைபிசைந்துகொண்டு நின்றார். மனைவி பாத்திரம் துடைக்கும் துணியோடு வெளியே வந்தார்.

“என்ன செய்யணும்?”

“பெடலை மிதிக்கணும். நான் சொல்றப்ப.”

மனைவி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். மணலுக்குப் பிறகு அந்தக் காரின் முன்பக்கத்தில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. அது கணக்கில் சேருமா என்று லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. கார்தான் சக்கரமில்லாமல் நிற்கிறதே.

டிரைவருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கிட்டே வரவேண்டும் என்பது முறை. அவர் முன்பக்க மட்கார்டின் மேல் ஒரு துணியை விரித்து, புதுப் புட்டியை அதன்மேல் வைத்து, பின்னால் போய் மணைப் பலகையில் உட்கார்ந்தார். திருகில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு ஜாடியில் விட்டார்.

“மிதி!”

“மிதிச்சாச்சு!”

திறந்தார். கஷாயம்போல் கறுத்த ஆயில் டியூபில் வந்தது. “விடு!”

“மூடியாச்சா?”

அவர் கையைப் பார்த்தார். மூடவில்லை. “...இப்ப மூடியாச்சு.”

“இப்ப விடறேன்.”

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். இரண்டு பேர், முகம் பார்க்காமல், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்கள். மிதி, மிதிச்சாச்சு, மூடியாச்சா, மூடியாச்சு, விடறேன். மனைவி ஒரு தடவைகூடத் தவறவில்லை. மூடியாச்சு என்று காதில் விழாமல் காலை அசைக்கவில்லை. கறுப்பு ஆயில் பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, கடைசியில் குமிழியே இல்லாமல் தெளிவாக வந்தது. அவர் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார், அதற்கடுத்ததற்கு நகர்ந்தார். நடுநடுவே டப்பாவில் புது ஆயிலை ஊற்றினார். சக்கரத்துக்குச் சக்கரம் கத்துவது குறைந்தது. டிரைவர் பக்கத்து முன் சக்கரத்துக்கு வந்தபோது, திறந்திருந்த கதவுக்குக் கீழே மனைவியின் பாதம் அவருக்கு ஒரு முழத்தில் இருந்தது. சாதாரணமாகவே பேசலாம்.

“மிதி.”

“மிதிச்சாச்சு.”

“நாலுல நல்ல ரகம் இது. புதுசு. முன்னூறு டிகிரி தாங்கும்.”

“ம்.”

“இனிமே பெடல் கீழ போகவே போகாது.”

“ம். மூடியாச்சா?”

“மூடியாச்சு. அப்ப நாளையிலேருந்து முன்னாடி உக்காருவியா?”

“பின்னாடி காத்து...”

“பின்னாடி ஜன்னலே திறக்காதும்மா. அது ஒட்டின கண்ணாடி.”

“மிதிச்சாச்சு. திறங்க,” என்று மட்டும் வந்தது. அவர் திறந்தார். ஆயில் தெளிவாக ஓடி, பெடல் தரையைத் தொட்டு நின்றது. காலை அழுத்திப் பிடித்தபடியே மனைவி சொல்ல ஆரம்பித்தார். கடையில் கண் பவர் படித்துச் சொல்கிற அதே குரல்.

“பிரேக் போனதுல எனக்கு ஒண்ணுமில்ல. மெஷின்னா நிக்கும், போகும். வண்டி நின்னதும் நீங்க இறங்கினீங்க. பம்பரைப் பாத்தீங்க. லைட்டைத் தொட்டுப் பாத்தீங்க. படுத்து அடியில பாத்தீங்க. எனக்குப் பெல்ட் கழட்ட வரல. பின்னாடி போயி சுத்தி என் பக்கம் வந்தீங்க. சரி, கதவைத் திறக்க வர்றாருன்னு நினைச்சேன். கதவுல கீறல் இருக்கான்னு பாத்தீங்க.”

அவர் திருகை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் ஸ்பேனர் இருந்தது.

“வண்டி முட்டினா டாக்ஸிக்காரர் இறங்கி வண்டியைத்தான் பார்ப்பாரு. அது நியாயம். அதான் டாக்ஸில உக்கார்ற இடத்துல உக்காந்துக்கிட்டேன்.” சற்று நிறுத்தி, “கால் கடுக்குது. மூடுங்க.”

மூடினார். “மூடியாச்சு.”

“விடறேன்.”

அவர் மணைப் பலகையிலிருந்து எழுந்தார். ரொம்ப நேரம் குந்தியிருந்த கால் மரத்துப்போயிருந்தது. தடுமாறி மட்கார்டைப் பிடிக்கப் போக, முழங்கை புட்டியில் பட்டது. மூடி திறந்திருந்த புட்டி சாய்ந்தது. தெளிவான, மஞ்சளான, முன்னூறு டிகிரி தாங்கக்கூடிய ஆயில், துணியைத் தாண்டி, வாரம் முழுக்க மெழுகு தடவிய சிவப்பின் மேல் அகலமாகப் பரவியது.

அவர் அதைப் பார்த்தார். சாப்பாட்டு மேஜை ஞாபகத்துக்கு வந்தது. தண்ணீர் வாளி ஷெட் மூலையில் தயாராக இருந்தது; அவரே காலையில் நிரப்பி வைத்தது.

அவர் வாளிப் பக்கம் போகவில்லை. கதவைச் சுற்றி வந்து, திறந்த கதவுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

“அன்னிக்கு உனக்கு எங்கயாவது அடி பட்டுச்சா?”

“கொட்டிடுச்சு பாருங்க. பெயிண்ட் போகுது.”

“கேக்கறேன்ல.”

“முழங்கால் முன்னாடி இடிச்சுது. நீலமா கன்றிப்போச்சு. இப்ப இல்ல.”

“எந்தக் கால்?”

“இடது.”

அவர் இடது முழங்காலைப் பார்த்தார். ஒரு லிஃப்டைப் பார்ப்பதுபோல, எங்கே கையெழுத்துப் போடலாம் என்று தெரியாதவரைப்போலப் பார்த்தார். பிறகு அந்த முழங்காலில் பிரேக் ஆயில் படிந்த கையை வைக்கப் போய், கையைப் பார்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டு வைத்தார். ஆயில் மட்கார்டின் விளிம்பை அடைந்து ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழத் தொடங்கியது. கூடவே கொஞ்சம் சிவப்பும்.

“ஏங்க, தண்ணி ஊத்துங்க.”

“ஊத்தலாம். டிராக்குக்கு வர்றியா? வண்டி நின்னா இறங்க மாட்டேன். முதல்ல உன் பக்கம்தான் பாப்பேன்.”

மனைவி மட்கார்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். தோளிலிருந்த துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“வர்றேன். முன் சீட்டுல.”